எழுவாய் இல்லாத பிழைகள்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். அணுபுரம் அந்த நேரத்துக்கு அடங்கிவிடும் ஊர். காலையில் கல்பாக்கத்துக்குக் கிளம்பும் அணுசக்தித் துறைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் குடியிருக்கும் இடம் இது. பத்து மணிக்கு மேல் விளக்கெரியும் வீடுகளை எண்ணிவிடலாம். என் வீட்டுக்காரரும் தூங்கிவிட்டார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். போன் அடித்ததும் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தேன்.

“மேடம், டிஸ்க்கை மாத்திட்டேன். மறுபடியும் அதேதான் வருது.”

“எத்தனாவது டிஸ்க் தம்பி?”

“அதே இடத்துல இது மூணாவது மேடம்.”

பேசியவர் எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய சர்வர் அறையில் இரவுப் பணியில் இருந்த இளைஞர். குரலில் பயம் தெரிந்தது. லாகில் என்ன வந்திருக்கிறது என்று அப்படியே படிக்கச் சொன்னேன். “டிஸ்க் ஃபெயில், கோட் 17” என்று படித்தார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தப் பெயர் நான் வைத்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த டிஸ்க்குகளோடு பேசும் டிரைவர் நிரலை எழுதியபோது, பிழைக்குறிகளுக்குப் பெயர் வைக்கும் பக்கத்தை ஒரு மதியத்தில் முடித்திருந்தேன். மடிக்கணினியைத் திறந்து, அந்த மாறிலி எங்கெங்கே பயன்படுகிறது என்று தேடினேன். மூன்று இடம். முதல் இடத்தில் டிஸ்க்கே வாய் திறந்து ‘இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை’ என்று சொல்கிறது. இரண்டாவது இடத்தில் டிரைவர் முப்பது நொடி காத்திருக்கிறது, டிஸ்க்கிடமிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது இடத்தில், டிஸ்க்குக்குப் போகும் வழியே அறுந்துவிட்டது என்று கன்ட்ரோலர் சொல்கிறது. மூன்றும் மூன்று வேறு செய்திகள். மூன்றுக்கும் நான் வைத்திருந்த பெயர் ஒன்று: டிஸ்க் ஃபெயில்.

அந்தத் தம்பி செய்ததில் ஒரு தவறும் இல்லை. டிஸ்க் போய்விட்டது என்று எழுதியிருந்ததைப் படித்தார், நம்பினார், டிஸ்க்கை மாற்றினார். அது ஐந்து டிஸ்க் சேர்ந்த ரெய்டு 5 தொகுதி. ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் தரவு போய்விடும். அந்த நிலையில் அவர் நல்ல டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார், என் வார்த்தையை நம்பி. கடைசியில் டிஸ்க் அடுக்கின் பின்புறம் போய் கேபிளை ஒரு முறை பிடுங்கிச் செருகச் சொன்னேன். கனெக்டர் முழுதாக உட்காரவில்லை. ஒன்றேகால் மணிக்குப் பிழை நின்றது. தரவு பிழைத்தது. நான் அன்றைக்குத் தூங்கவில்லை.

மறுநாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டே அத்தை கேட்டார்: “ராத்திரி யாரு போன்ல, அவ்ளோ நேரம்?”

“ஒரு இடத்துல டிஸ்க் வேலை செய்யலன்னு காட்டிச்சு அத்தை. பார்த்தா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப யாரு வேலை செய்யல?”

சாதாரணமாகக் கேட்ட கேள்விதான். ஆனால் நான்கு வருடமாக அந்த நிரலைப் பார்த்த எவரும், என்னையும் சேர்த்து, அதைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணப் பாடத்தில் எழுவாய் எது என்று கேட்பார்களே, அதே கேள்வி. நான் வைத்த பெயரில் பயனிலை மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. எழுவாயாக ‘டிஸ்க்’ என்று எழுதியிருந்தேன், அது மூன்றில் ஒரு முறைதான் உண்மை.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது உங்கள் செயலி நேராக டிஸ்க்கிடம் பேசுவதில்லை. செயலி கோப்பு முறைமையிடம் சொல்லும், அது கெர்னலின் பிளாக் அடுக்கிடம் சொல்லும், அது டிரைவரிடம், டிரைவர் கன்ட்ரோலரிடம், கன்ட்ரோலர் கம்பி வழியாக டிஸ்க்கிடம். கோளாறு என்றால் பதில் இதே வழியில் திரும்பி வர வேண்டும். வழியில் ஒவ்வொருவரும் தன் பாஷையில் மொழிபெயர்த்து மேலே அனுப்புவார்கள். மேலே வந்து சேரும்போது பெரும்பாலும் ஒரே எண்தான் மிஞ்சும்: 5. யூனிக்ஸ் மரபில் ‘இன்புட் அவுட்புட் எரர்’. டிஸ்க்கின் பரப்பு தேய்ந்துபோனாலும் 5, கேபிள் கழன்றாலும் 5. நடுவில் உட்கார்ந்திருக்கும் டிரைவர் எழுதுபவர், தான் கேட்டதைத் தெளிவான பெயரோடு லாகில் எழுதிவைக்காவிட்டால் பிறகு யாராலும் அதைத் தோண்டி எடுக்க முடியாது.

இதை ஒழுங்காக யோசித்தவர்கள் இருக்கிறார்கள். 1986இல் அமெரிக்கத் தரமாக வந்த ஸ்கஸியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சங்கதி என்று நினைக்க வேண்டாம். உங்கள் பென்டிரைவ் இன்றைக்கும் யுஎஸ்பி கம்பிக்குள்ளே ஸ்கஸி கட்டளைகளைத்தான் பேசுகிறது. அதில் ‘சென்ஸ் கீ’ என்று ஒன்று உண்டு. நான்கே பிட், ஆக 16 எண்களுக்குத்தான் இடம். அந்த நெருக்கடியிலும் பெயர்களை அவர்கள் பிரித்த விதத்தைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. எண் 2, ‘நாட் ரெடி’: நான் இருக்கிறேன், இன்னும் தயாராகவில்லை, பொறு. எண் 3, ‘மீடியம் எரர்’: தரவு எழுதப்பட்ட பரப்பு கெட்டுவிட்டது. எண் 4, ‘ஹார்டுவேர் எரர்’: பரப்பு இல்லை, என் உறுப்புகளில் கோளாறு. எண் 5, ‘இல்லீகல் ரிக்வெஸ்ட்’: நீ கேட்ட கேள்வியே தப்பு. எண் 6, ‘யூனிட் அட்டென்ஷன்’: நீ கடைசியாகப் பேசியதற்கும் இப்போதைக்கும் நடுவில் இங்கே ஏதோ மாறியிருக்கிறது, கவனி.

ஐந்தாம் எண்ணைப் பாருங்கள். டிஸ்க் தன்னைக் கேட்டவரைக் கைகாட்டுகிறது. அதைப் படித்தால் யாரும் டிஸ்க்கைக் கழற்றப் போக மாட்டார்கள். டிரைவர் எழுதியவரைத்தான் கூப்பிடுவார்கள். நல்ல பிழைப்பெயர் என்றால் இதுதான். யார் பேசுகிறார், யாரைப் பற்றிப் பேசுகிறார் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. சென்ஸ் கீக்கு அடியில் இன்னும் இரண்டு பைட் விவரமும் உண்டு. ஹெக்ஸில் 3, 11, 00 என்று சேர்ந்து வந்தால் மீட்க முடியாத படிப்புப் பிழை. 2, 04, 01 என்றால் இப்போதுதான் எழுந்துகொண்டிருக்கிறது. 2, 3ஏ, 00 என்றால் உள்ளே ஊடகமே இல்லை. லினக்ஸ் இந்த எண்களையெல்லாம் சொற்களாக்கி லாகில் எழுதுகிறது. இரவுப் பணியில் இருப்பவர் அட்டவணையைத் தேடி ஓட வேண்டியதில்லை.

அதே லினக்ஸில் பெயர் விஷயம் இருபது ஆண்டுக்கும் மேலாகக் குழம்பிக் கிடந்த ஒரு மூலையும் இருந்தது. டிஸ்க் ஒரு கட்டளையை முடித்ததும் ஒரு நிலைக்குறி அனுப்பும். தரத்தின்படி 0 என்றால் நலம், 2 என்றால் ‘செக் கண்டிஷன்’, அதாவது ஏதோ சிக்கல், விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள். அந்த பைட்டில் கடைசி பிட் இந்தக் குறிக்குச் சொந்தமில்லை என்று கருதி, ஆரம்ப காலத்தில் லினக்ஸ்காரர்கள் எல்லா எண்களையும் ஒரு பிட் வலப்புறம் நகர்த்தி மாறிலிகளை எழுதிவைத்தார்கள். ஆகவே அந்தப் பட்டியலில் ‘செக் கண்டிஷன்’ 1 ஆனது. பிறகு தரத்தில் உள்ள எண்களை அப்படியே வைத்து, ‘சாம் ஸ்டாட்’ என்ற முன்னொட்டோடு இன்னொரு பட்டியல் வந்தது. அதில் ‘செக் கண்டிஷன்’ 2. இரண்டு பட்டியலும் ஒரே தலைப்புக் கோப்பில் அருகருகே இருந்தன.

இப்போது பழைய பட்டியலில் 2 என்ற எண்ணுக்கு என்ன பெயர் என்று பாருங்கள்: ‘கண்டிஷன் குட்’. ஒரு பட்டியலில் ‘சிக்கல், என்னவென்று கேள்’ என்று சொல்லும் எண் மற்றதில் ‘குட்’ என்று முடிகிறது. தரத்தில் 8 என்றால் ‘பிஸி’. பழைய பட்டியலில் பிஸி என்பது 4. தவறான பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்து ஒப்பிட்டால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது, எல்லாமே வெறும் எண்கள்தானே. அந்தப் பழைய பெயர்களுக்கு மேலே, இவற்றை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு குறிப்பு வெகுகாலம் இருந்தது. 2021இல்தான் அவை கெர்னலிலிருந்து முழுதாக எடுக்கப்பட்டன.

‘செக் கண்டிஷன்’ நல்ல பெயர்தான். ஆனால் எந்தக் கணக்கில் செக் கண்டிஷன் என்ற தகவல் பழைய பெயரில் இல்லை. யார் அளந்த படி என்று சொல்லாமல் இரண்டு படி அரிசி என்றால் எப்படி? முன்னொட்டு அதற்குத்தான். பெயரின் தலையிலேயே, இது தரத்தின் எண்ணா, நம் வீட்டு எண்ணா என்று எழுதியிருக்க வேண்டும். முன்னொட்டை வெறும் அலங்காரமாக நினைக்கும் நண்பர்களோடு நான் பல முறை சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

முன்னொட்டே தவறாகப் போனதும் உண்டு. இப்போதைய வேகமான எஸ்எஸ்டிகள் பேசும் என்விஎம்இ முறையில் நிலைச் சொல்லுக்குள் பல பகுதிகள் இருக்கின்றன: 8 பிட்டில் நிலைக்குறி, 3 பிட்டில் அது எந்த வகை என்ற குறிப்பு, தனியாக ‘மறுபடி முயலாதே’ என்று ஒரே ஒரு பிட். லினக்ஸ் டிரைவரில் அந்த ஒற்றை பிட்டுக்கும் நிலைக்குறிகளுக்கான ‘எஸ்சி’ முன்னொட்டே இருந்தது. படிப்பவர் அதையும் ஒரு பிழையின் பெயராக எடுத்துக்கொள்வார். உண்மையில் அது எந்தப் பிழையோடும் சேர்ந்து வரக்கூடிய ஓர் அறிவுரை. 2024இல் அதன் முன்னொட்டை ‘ஸ்டேட்டஸ்’ என்று மாற்றினார்கள். நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்த ‘7எஃப்எஃப்’ போன்ற மொட்டை எண்களுக்கும் அந்தச் சமயத்தில் பெயர் கிடைத்தது. ஓடும் விதத்தில் இந்தப் பெயர் மாற்றத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. படிக்கும் விதத்தில்தான் வித்தியாசம். அதற்காக ஒருவர் உட்கார்ந்து இவ்வளவையும் மாற்றி அனுப்பினார், மற்றவர்கள் வாசித்து ஏற்றுக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு மாற்றமும் எனக்குப் பிடித்தது. 2017இல் கெர்னலின் 4.13 பதிப்பில் பிளாக் அடுக்குக்கென்று தனியாகப் பிழைக்குறிகள் வந்தன; கிறிஸ்டோஃப் ஹெல்விக் செய்த வேலை. அதுவரை யூனிக்ஸின் பொதுப் பிழை எண்களையே இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதிய பட்டியலில் மீடியம், டார்கெட், டிரான்ஸ்போர்ட், டைம்அவுட் என்று ஆளாளுக்குப் பெயர். கேபிள் போனால் ‘டிரான்ஸ்போர்ட்’. அன்றிரவு எனக்குத் தேவைப்பட்ட சொல் அதுதான். இன்னொன்றும் செய்தார்கள். இந்தக் குறிகளுக்குத் தனி வகை கொடுத்து, சாதாரண எண்ணோடு கலந்தால் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் எழுதிய ‘ஸ்பார்ஸ்’ என்ற சோதனைக் கருவி எச்சரிக்கும்படி வைத்தார்கள். மேலே சொன்ன 1, 2 குழப்பம் மாதிரி ஒன்று இங்கே நடந்தால் மனிதர் கண்ணுக்கு முன் கருவியின் கண்ணில் பட்டுவிடும்.

அந்த நல்ல பட்டியலிலும் ஒரு பெயர் இடறியது: ‘நெக்சஸ்’. ஸ்கஸி தரத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு அது புரியும். மற்றவர்களுக்கு அது ஒரு சிந்துபாத் கதையின் தீவு. நடந்தது என்னவென்றால், அந்த டிஸ்க்கை வேறொரு சர்வர் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அதனால் உன் கட்டளையை ஏற்க முடியாது. 2023இல் அதை ‘ரிசர்வேஷன் கான்ஃப்ளிக்ட்’ என்று மாற்றினார்கள். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த கதை. இப்போது யாருக்கும் புரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, “உன் 17ஆம் நம்பர் எங்களுக்குப் பழைய கதை” என்று திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தைப் பற்றிச் சொன்னார். அணுசக்தித் துறைக் குடியிருப்பில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. நானும் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் அங்கே இருந்த ஒரு விளக்கைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா. விடிகாலை நான்கு மணி. அணு உலையின் அழுத்தம் ஏறியபோது ஒரு வால்வு திறந்துகொண்டது, திறக்க வேண்டியதுதான். அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டும். மூடு என்ற உத்தரவு போனது. வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கென்று ஒரு விளக்கு உண்டு. அது அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று அங்கே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு, வால்வை இயக்கும் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டுமே காட்டியது. “விளக்கு வால்வைப் பார்க்கல. உத்தரவைத்தான் பார்த்துச்சு” என்றார் அவர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் அந்த வழியாக வெளியேறியது. உலையின் மையத்தில் சுமார் பாதி உருகியது. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் கூவியதும் அதில் ஒன்று. ஆனால் எனக்கு அந்த ஒரு விளக்குதான் மனதில் நின்றது.

என் 17ஆம் எண் செய்ததும் அதுதான். நான் முப்பது நொடி காத்திருந்தேன், பதில் வரவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை வைத்து ‘டிஸ்க் போய்விட்டது’ என்று தீர்ப்பு எழுதினேன். காத்திருந்தது நான்; பெயரில் குற்றவாளி டிஸ்க். அந்த முப்பது நொடிகூட டிஸ்க்கின் கணக்கு அல்ல. லினக்ஸில் ஸ்கஸி டிஸ்க்குகளுக்கு வழக்கமாக வைத்திருக்கும் காத்திருப்பு நேரம் அது. மேசைக் கணினிக்கென்று விற்கும் சில டிஸ்க்குகள் தேய்ந்துபோன ஒரு பகுதியை எப்படியாவது படித்துவிட அதற்கும் மேலே முட்டிமோதிப் பார்க்கும். ரெய்டுக்கென்று வருபவை பெரும்பாலும் ஏழு நொடியில் கையை விரித்து, முடியவில்லை என்று ஒழுங்காகச் சொல்லிவிடும். ஆக, பதில் வராத டிஸ்க் செத்துப்போனதாகவும் இருக்கலாம், உழைத்துக்கொண்டிருப்பதாகவும் இருக்கலாம். ‘வரவில்லை’ என்பதற்கும் ‘வராது என்று சொன்னார்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம், பெண் பார்க்கப் போய்வந்த வீட்டிலிருந்து பதிலுக்குக் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

இதைப் படிக்கும் சிலர், பெயரில் என்ன இருக்கிறது, மகாபலிபுரத்தில் பாருங்கள் என்பார்கள். உண்மைதான், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தவறான பெயர்கள் கம்பீரமாக நிற்கின்றன. பஞ்சபாண்டவ ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவை தேர்களும் இல்லை, ஒற்றைக் கல்லில் செதுக்கிய கோயில் வடிவங்கள். சாளுவன்குப்பத்துப் புலிக்குகையில் புலி குடியிருக்கவில்லை. சுற்றிலும் இருப்பவை யாளித் தலைகள். ஆனாலும் ஒருவரும் வழி தவறுவதில்லை. காரணம், கல் கண் முன்னால் நிற்கிறது. பெயர் தப்பாக இருந்தாலும் பார்ப்பவர் பொருளைப் பார்த்துச் சரிசெய்துகொள்கிறார். தர்மராஜ ரதத்தில் பல்லவ அரசரின் விருதுப் பெயர்கள் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பதால் அறிஞர்கள் அதைப் படித்து வாதம் செய்யவும் முடிகிறது. லாகைப் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் முன்னால் டிஸ்க்கின் உள்ளே நடந்தது இல்லை, கம்பியில் போன செய்தி இல்லை. பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நாம் தப்பாக வைத்தால் அவர் எதைப் பார்த்துச் சரிசெய்துகொள்வார்?

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. தமிழருக்கு இதில் நெருக்கமான ஒரு சான்று உண்டு. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண்ணோடு அதிகாரப்பூர்வமான ஒரு பெயரும் உண்டு. நம் ஃ எழுத்துக்கு அங்கே உள்ள பெயர் ‘தமிழ் சைன் விசர்கா’. விசர்க்கம் வடமொழிக் குறி. ஆய்தத்தைத் தொல்காப்பியம் குற்றியலிகரம், குற்றியலுகரத்தோடு சேர்த்துச் சார்பெழுத்தாகச் சொல்கிறது, இரண்டும் வேறு. ஆய்தம் என்பது பட்டியலில் பக்கத்தில் ஒரு குறிப்பாகத்தான் இருக்கிறது. ழகரத்தின் பெயரைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்: எல் மூன்று முறை, பிறகு ஓர் ஏ. னகரத்துக்கு என் மூன்று முறை. எல் இரண்டா மூன்றா என்று எண்ணிப் பார்த்து ளகரமா ழகரமா என்று கண்டுபிடிக்க வேண்டும். 1996இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, ஒரு முறை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. உலகம் முழுக்க நிரல்கள் அந்தப் பெயர்களை நம்பியிருப்பதால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே, பெயர் வைக்கிற அன்றைக்கு அந்த மொழிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நம் டிரைவருக்குள் இருக்கும் பெயர்களை மாற்றலாம். ஆனால் 17 என்ற எண் வெளியே போய், யாரோ ஒருவருடைய கண்காணிப்பு நிரலில் ‘17 வந்தால் டிஸ்க்குக்கு ஆர்டர் போடு’ என்று ஏறிவிட்ட பிறகு என்ன செய்ய? நாங்கள் 17ஐ இனி எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று மூடிவிட்டு மூன்று புது எண்களைத் திறந்தோம்.

அந்த மூன்றுக்கும் பெயர் வைத்த முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம். ஆங்கிலத்தில் யோசிப்பதை நிறுத்திவிட்டு, நோட்டில் முழுத் தமிழ் வாக்கியமாக எழுதினேன். ‘இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்று டிஸ்க் சொன்னது.’ ‘நாங்கள் காத்திருந்து கைவிட்டோம்.’ ‘வழி அறுந்தது என்று கன்ட்ரோலர் சொன்னது.’ ‘சொன்னது’, ‘கைவிட்டோம்’ என்று எழுதும்போதே வினையின் வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ‘ஃபெயில்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. அதற்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ளலாம். வாக்கியம் சரியாக வந்த பிறகு அதைச் சுருக்கினேன்: டெவ் மீடியம் எரர், ஹோஸ்ட் கேவ் அப் வெயிட்டிங், கன்ட்ரோலர் லிங்க் டவுன். முதல் சொல் எப்போதும் பேசுகிற ஆள். எத்தனை நொடி காத்திருந்தோம் என்பதைப் பெயரில் சேர்க்கவில்லை, நாளைக்கு அது மாறும். லாக் வரியில் தனியாக வருகிறது. டிஸ்க் அனுப்பிய மூல எண்ணையும் பக்கத்திலேயே எழுதுகிறோம். என் மொழிபெயர்ப்பு தப்பாக இருந்தால் மூலத்தைப் பார்த்து ஒருவர் என்னைத் திருத்த வேண்டும்.

லாகில் வரும் சொல்லும் நிரலில் இருக்கும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படியும் செய்தோம். முன்பு நிரலில் ஒரு பெயர், லாகில் அழகான வேறொரு வாக்கியம். அதைத் தேடினால் கிடைக்காது.

குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, “அக்கா, பேரு ரொம்ப நீளமா இருக்கே” என்றாள். நியாயமான கேள்வி. 1989ஆம் ஆண்டுச் சி மொழித் தரத்தில், கோப்புக்கு வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்குத்தான் உத்தரவாதம் இருந்தது. 1999இல் அது 31 ஆனது. சுருக்கிச் சுருக்கி எழுதும் பழக்கம் அந்தக் காலத்தின் நெருக்கடியில் பிறந்தது. நெருக்கடி போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. யூனிக்ஸில் 25ஆம் பிழைக்கு இன்றும் ‘நாட் எ டைப்ரைட்டர்’ என்பதன் சுருக்கம்தான் பெயர். டெலிடைப் இயந்திரங்களே போய்விட்டன, அந்தப் பெயர் போகவில்லை. நீளமான பெயரைத் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நொடி கூடுதலாகும். அதுவும் எடிட்டரே முடித்துக்கொடுக்கும். ராத்திரி பதினொன்றரைக்குச் சர்வர் அறையில் தனியாக நிற்பவருக்கு அந்த இரண்டு நொடியை நான் கொடுக்கத்தான் வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒரு படி மேலே போனாள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அது வந்தால் முதலில் எதைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். ‘கன்ட்ரோலர் லிங்க் டவுன்’ என்பதற்கு எதிரே அவள் எழுதியது: டிஸ்க்கைக் கழற்றாதே, முதலில் கேபிளைப் பார்.

டிரைவர் எழுதுபவர்களிடம், அதைவிடவும் கல்லூரி முடித்து இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் நிரலைத் திறந்து, ‘ஃபெயில்’ என்றோ ‘எரர்’ என்றோ மட்டும் முடியும் மாறிலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை இடத்திலிருந்து திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முழுத் தமிழ் வாக்கியம் எழுதிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு பெயருக்கு மூன்று வாக்கியம் வந்தது. உங்களுடையதில் எத்தனை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.